சீட்டில் எழுதிய மலை

ஈக்குவடோரின் தலைநகராகிய குயிற்றோவைச் சூழ்ந்த மலைகளில், மரவெல்லைக்கும் மேலே, புல்லும் குளிரும் மிகுந்த பாராமோ நிலத்தில் விறைத்து நிமிர்ந்து நிற்கும் பன்னம் ஒன்றுண்டு. அதன் இலை அகன்று விரிவதில்லை. மிகச்சிறு சிற்றிலைகள் நெருங்கி அடுக்கப்பட, அது கயிறுபோல மேலெழுகின்றது. நுனி சுருண்டபடியே இருந்து வளர்ந்துகொண்டிருக்கும். ஜேம்சோனியா என்பது அதன் சாதிப்பெயர்.

பெயருக்குரியவர் வில்லியம் ஜேம்சன் (1796–1873). எடின்பரோவிற் பிறந்த இவர், 1827 முதல் குயிற்றோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் தாவரவியலும் கற்பித்தார். மலைகளிற் சேகரித்த செடிகளை உலர்த்திப் பிரித்தானியாவிலிருந்த ஹூக்கர் முதலியோருக்கு அனுப்பிவந்தார். 1830இல் ஹூக்கரும் கிறெவிலும் இச்சாதியை நிறுவி அவர் பெயரையே சூட்டினர். நடந்தவர் ஒருவர், பெயரிட்டவர் வேறொருவர் என்பதே அக்காலத் தாவரவியலின் வேலைப்பங்கீடு. இங்கு நடந்தவரின் பெயராவது நிலைத்தது. சுமை தூக்கி வழிகாட்டிய மலைமக்களின் பெயர்களோ அக்காலச் சீட்டுகளிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

உலர்தாவரக் களஞ்சியத்தின் ஒவ்வொரு தாளும் ஓர் ஆவணமே. செடியைக் காட்டிலும் அதன் மூலையில் ஒட்டிய சீட்டே வரலாற்று மாணவனுக்கு முதன்மையானது. எவர், எங்கு, எந்த உயரத்தில், எப்போது எடுத்தார் என்பதை அது கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீட்டுகள் பலவற்றில் மலையின் பெயரன்றி வேறெதுவும் இல்லை. ஒரே மலையின் அடிவாரத்துக்கும் பனிக்கோட்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான அடிகள் உள்ளனவே!

இக்குறை அற்பமானதன்று. ஹம்போல்ட் 1802இல் சிம்பொராசோவில் ஏறினார். 1807இல் வெளியிட்ட படத்தில், அம்மலையின் வெட்டுமுகத்தின்மேல் தாவரங்களின் பெயர்களை உயரப்படி எழுதினார். 2015இல் வெளிவந்த ஆய்வொன்று அதனை அளவுகோலாகக் கொண்டு, தாவரங்கள் 500 மீற்றருக்கு மேல் உயர்ந்துவிட்டன என்றது. 2019இல் வேறோர் ஆய்வுக்குழு பழைய ஆவணங்களைத் துருவி, மரவெல்லைக்கு மேலான தாவரத் தரவுகள் பெரும்பாலும் அந்திசானா மலையிலே பெறப்பட்டவை எனக் காட்டியது. அம்மலையிலேயே மீண்டும் அளந்தபோது ஏற்றம் 215 முதல் 266 மீற்றர் வரையே இருந்தது. செடிகள் மேலேறியது உண்மை; ஆனால் இடப்பெயரொன்றின் பிழை அவ்வேற்றத்தை இருமடங்காக்கியிருந்தது.

ஜேம்சோனியாவின் தாள்களை ஒப்புநோக்கி அலிஸ் றையன் 1962இல் தனிநூல் வெளியிட்டார். பின்னர் மரபணு ஆய்வுகள் எரியோசோரஸ் என்ற அயற்சாதியையும் இதனோடு சேர்க்கச் செய்தன. இவ்வாறு பெயர் மாறும்போது பழைய சீட்டைக் களஞ்சியத்தார் கிழித்தெறிவதில்லை. புதிய பெயர் எழுதிய சிறு சீட்டை அதனருகே ஒட்டுகின்றனர்.