மூன்று ஜோடி காலுறை

கால்பந்து என்றால் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மெஸ்ஸி, ரொனால்டோ என்பார்கள். என் வயதுக்காரர்கள் பீலே, மரடோனா என்போம். ஜிம்மி ஹோகன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

1882இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், நெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன் அணிகளுக்கு ஆடினார், சுமாரான பெயர்தான். அந்நாளில் அங்கே ஒரு விசித்திர நம்பிக்கை இருந்தது. வாரம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குப் பந்தைக் காட்டக் கூடாது, அப்போதுதான் சனிக்கிழமை ஆட்டத்தில் பந்துக்குப் பசியோடு ஓடுவார்களாம்! சமையல் கற்க வந்தவனை அடுப்பருகே விடாத கதைதான். ஹோகன் இதை ஏற்கவில்லை. பந்தோடு பழக வேண்டும், தூக்கி அடிக்காமல் தரையோடு பாஸ் செய்து ஆட வேண்டும் என்பது அவர் கட்சி.

1910இல் ஹாலந்து போய்ப் பயிற்சியாளரானார். அந்த நாட்டு அணியை ஒரே ஓர் ஆட்டத்துக்கு நடத்தி, ஜெர்மனியை 2-1 என்று வென்றும் காட்டினார். 1912இல் ஆஸ்திரியக் கால்பந்தின் பெரும்புள்ளி ஹூகோ மைஸ்ல் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். இந்த மைஸ்ல் ஒரு வங்கி ஊழியர் என்பதை நான் கொஞ்சம் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

1914இல் போர் வந்தது. எதிரி நாட்டவர் என்று ஹோகனை வியன்னாவில் கைது செய்தார்கள். மனைவி மக்கள் இங்கிலாந்து திரும்ப, இவரை மட்டும் புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. கிளப் தன்னிடம் அழைத்துக்கொண்டது. அங்கே ஓர்த், பிரவுன் போன்ற இளம் பையன்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்தார். 1917 தொடங்கித் தொடர்ந்து 9 ஆண்டுகள் எம்.டி.கே.தான் ஹங்கேரி சாம்பியன். அவர் நாடு திரும்பிய பிறகும் அவர் போட்ட அஸ்திவாரம் நின்றது.

திரும்பியபோது கையில் காசில்லை. போரால் நொடித்த ஆட்டக்காரர்களுக்கு இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் உதவித்தொகை தருவதாக அறிந்து, 5 பவுண்டு கடன் வாங்கி லண்டன் போனார். சங்கச் செயலர் ஃபிரெடரிக் வால் அவரிடம் நீட்டியது மூன்று ஜோடி காக்கிக் காலுறை. போர்முனையில் நம் பையன்களுக்கு இவை பெரிய உபகாரமாக இருந்தன என்று ஒரு வார்த்தை வேறு. எதிரி நாட்டில் சுகமாக இருந்தவன் என்ற குத்தல் அது. கைதியாகப் போனவர் விரும்பியா அங்கே இருந்தார்? கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இந்தப் பைசல் இன்றும் நெருடுகிறது.

ஹோகன் மீண்டும் வெளிநாடே போனார். ஹங்கேரி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா என்று சுற்றினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா வெள்ளி வென்றதும் அவர் பயிற்சியில்தான். பிறகு ஆஸ்டன் வில்லா அவரை இங்கிலாந்துக்கே அழைத்துக்கொண்டது.

1953 நவம்பர் 25. வெம்ப்ளி மைதானத்தில் புஷ்காஷின் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப் போட்டது. ஐரோப்பியக் கண்டத்து அணி ஒன்றிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல் முறை. கால்பந்தில் தமக்குத் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் கற்றுக்கொடுத்தது என்றார் ஹங்கேரி சங்கத் தலைவர் ஷான்டோர் பார்ச். 71 வயது ஹோகன், வில்லாவின் இளம் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

1974 ஜனவரியில் ஹோகன் காலமானார். அதே ஆண்டு ஜூலையில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், சிறுவனாக டிரெஸ்டன் நகரில் ஹோகனிடம் பாடம் கேட்டவர்.