பழைய பாணியில் குழந்தைச் சட்டைகள்: அழகும் அவதானமும்

வட்டக் கொலர், நெஞ்சில் சுருக்கு வைத்துத் தைத்த பூவேலை, பஃப் கை, முதுகில் கட்டும் ரிபன். பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்களில் கண்ட குழந்தைச் சட்டைகள் மீண்டும் கடைகளுக்கு வந்திருக்கின்றன. இந்த விருப்பத்தை வளர்த்ததில் பிரித்தானிய அரச குடும்பத்துக்கும் பங்குண்டு. 2015 ஜூலையில் தங்கை சார்லொட்டின் திருமுழுக்குக்கு வந்த குட்டி இளவரசர் ஜோர்ஜ், வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கட்டைக் காற்சட்டையும் அணிந்திருந்தார். 1984இல் பிறந்த தம்பி ஹரியைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றபோது அவரது தந்தை வில்லியம் அணிந்திருந்த உடையை அது ஒத்திருந்தது.

பிள்ளைகளுக்குக் கடந்த காலத்தை உடுத்திப் பார்க்கும் ஆசை இன்று தோன்றியதல்ல. ஆங்கில ஓவியர் கேட் கிரீன்அவே 1879இல் வெளியிட்ட சிறுவர் நூலில், பிள்ளைகளுக்குத் தன் காலத்து உடையை வரையவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த உடைகளையே வரைந்தார். லண்டனின் லிபர்ட்டி நிறுவனம் அந்தப் படங்களைத் தழுவி உண்மையான சட்டைகளைத் தைத்து விற்றது. அதாவது, இன்று நாம் ‘பழைய பாணி’ என்று வாங்குவதில் ஒரு பகுதி அன்றைக்கே பழைய பாணிதான்.

அழகுக்குப் பின்னால் இருந்த தேவை

இந்த அலங்காரங்களில் சில தேவைக்காகப் பிறந்தவை. ‘ஸ்மொக்கிங்’ எனப்படும் சுருக்கு வேலை, இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளரின் தளர்ந்த மேலாடையில் இருந்து வந்தது. இலாஸ்ரிக் இல்லாத காலத்தில், துணியை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மேலே நூல் வேலை செய்தால் அது உடலோடு சேர்ந்து விரிந்து சுருங்கும். வேகமாக வளரும் குழந்தைக்கு இது மிகவும் பொருந்தியது.

மேற்கு நாடுகளில் ஆண் குழந்தைகளுக்கும் கவுண்தான் அணிவிக்கப்பட்டது. ஈரத்துணி மாற்றுவது சுலபம். வளர வளர விளிம்பை இறக்கிவிடலாம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்ளின் ரூஸ்வெல்ட், 1884இல் இரண்டரை வயதில் வெள்ளைப் பாவாடையுடன் எடுத்த படம் இன்றும் உண்டு. பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம் என்ற பிரிவும் பழையதல்ல. 1918இல் அமெரிக்கக் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு ஆண் பிள்ளைக்கே உரியது என்று எழுதியது.

மாலுமி உடையின் தொடக்கம் 1846. விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்கு, அரச படகின் மாலுமிகள் அணிந்த சீருடையைச் சின்னதாகத் தைத்துக் கொடுத்தார்கள். அந்த உடையில் நான்கு வயது இளவரசனை ஓவியர் விண்டர்ஹால்டர் வரைந்தார். அதன்பின் மாலுமிக் கொலர் உலகெங்கும் பரவியது.

பழைய சட்டையோடு வரும் பழைய ஆபத்து

இந்த உடைகளில் சில கைவிடப்பட்டதற்குக் காரணம் நாகரிகம் மாறியது மட்டுமல்ல. தொப்பியிலும் கழுத்திலும் உள்ள நாடாக்கள் சறுக்குமரம், கட்டில், கதவு போன்றவற்றில் சிக்கிக் குழந்தைகளின் கழுத்தை இறுக்கியிருக்கின்றன. இதனால் 1996இல் அமெரிக்கா இதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. ஐரோப்பிய அளவுகோல், ஏழு வயதுக்குக் குறைந்தோரின் ஆடையில் கழுத்துப் பகுதியில் சுருக்கு நாடாவையே அனுமதிப்பதில்லை. இலங்கையில் இருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் ஆடைகளிலும் இது பார்க்கப்படுகிறது. ஆனால் வீட்டில் தைக்கும் சட்டையையும் கைமாறி வரும் சட்டையையும் எவரும் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு பெற்றோருடையது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பஞ்சுபோன்ற மேற்பரப்புள்ள மலிவான பருத்தித் துணியில் தைத்த இரவு உடைகள் தீப்பற்றிப் பல பிள்ளைகள் இறந்தனர். தளர்ந்து தொங்கும் நீளக் கவுணை விளக்கு, மெழுகுதிரி, அடுப்பு அருகே அணிவிப்பது இன்றும் ஆபத்துதான்.

வாங்கும்போதும் தைக்கும்போதும்

கழுத்து நாடா இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். முதுகு ரிபனைத் தூங்க வைக்கும் முன் கழற்றுங்கள், அல்லது சட்டையையே மாற்றுங்கள். பொத்தான், முத்து, சிறு மணிகளை ஒவ்வொரு தோய்ப்புக்குப் பின்னும் இழுத்துப் பாருங்கள். கழன்றால் குழந்தையின் வாய்க்கே போகும். பின்னிய காலுறை, கையுறைகளின் உட்புறத்தைத் திருப்பித் தளர்ந்த நூல்களை வெட்டுங்கள். அந்த நூல் விரலில் சுற்றினால் இரத்த ஓட்டமே தடைப்படும். பெட்டியில் இருந்து எடுத்த பழைய சட்டையைத் தோய்த்து, வெயிலில் காயவிட்டு, துணி இற்றுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு அரச குடும்பத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1841இல் விக்டோரியாவின் மூத்த மகளுக்காகச் செய்த ஹொனிட்டன் லேஸ் திருமுழுக்கு அங்கியைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அணிந்தனர். 2004இல் அது கடைசியாகப் பயன்பட்டது. துணி நலிந்துவிட்டதால், 2008 முதல் அதே வடிவில் புதிதாகத் தைத்த அங்கியையே அணிவிக்கிறார்கள். பழைய அங்கி பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கிறது.

நாமும் அதைச் செய்யலாம். அம்மம்மா தைத்த சட்டை நினைவுக்காகப் பெட்டியில் இருக்கட்டும். அதன் வடிவை மெல்லிய பருத்தியில், கழுத்து நாடா இல்லாமல், புதிதாகத் தைத்துப் பேரப்பிள்ளைக்குப் போடலாம்.