கெர்னல் எழுத்தறியாது: கோப்புப்பெயர்களின் ஒரு சிறு வரலாறு

ஹெப்பகோடி, பெங்களூரின் மின்னணு நகரை ஒட்டிய ஊர். இப்பெயரைத் தமிழில் ஒரு கோப்புறைக்கு இட்டால் யுடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள் ஆகும். ‘கோ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாக வைக்காமல் இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்து எழுதினால் 30. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் அவற்றை நிகரானவை என்றே கொள்கிறது. ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்புமுறைமையில் இரண்டு கோப்புறைகளும் அருகருகே இருக்க முடியும். கள ஆய்வுப் பதிவுகளைச் சேமிக்கும் மொழியியலாளருக்கு இதன் விளைவு எளிது: தேடலில் பாதித் தரவு அகப்படாது.

இது பிழையன்று, கொள்கை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு கோப்பின் பெயருக்கு 14 பைட்டுகளே இடம். பயனர் தரும் பெயரில் கெர்னல் பொருட்படுத்திய பைட்டுகள் இரண்டு: பாதையைப் பிரிக்கும் சாய்கோடும், முடிவைக் காட்டும் சுழியமும். ஏனையவற்றின் பொருளை அது கேட்கவில்லை. 1983இல் 4.2பிஎஸ்டி இடத்தை 255 பைட்டுகளாக விரித்தது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள் கொள்வதால், நமக்கு இன்றும் 85தான்.

பன்மொழிக் குறியாக்கம் வந்தபோது இடர் எழுந்தது. யுடிஎஃப்-1 முறையில் வேற்றெழுத்து ஒன்றின் நடுவே சாய்கோட்டின் பைட்டு வரக்கூடும். கெர்னல் அங்கே பாதையை வெட்டிவிடும். 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் யுடிஎஃப்-8ஐ வகுத்தது இதைத் தவிர்க்கவே. அதன் முதற்பெயரே ‘கோப்புமுறைமைக்குத் தீங்கற்ற’ குறியாக்கம் என்று பொருள்படும். தமிழைத் தாங்கும் குறியாக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது மொழியியல் அன்று, ஒரு சாய்கோடு!

ஆயினும் அதே சாய்கோட்டைத் தேவைக்கு மிஞ்சிய பைட்டுகளிலும் எழுதலாம் என்ற ஓட்டை எஞ்சியது. 2000இல் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலைவழங்கி பாதையை முதலில் சரிபார்த்து, பின்னரே குறியாக்கத்தை விரித்ததால் தடை செய்த கோப்புறைகள் திறந்தன. மறு ஆண்டு நிம்டா புழு இவ்வழியையும் பயன்படுத்தியது. 2001இல் ஒருங்குறி 3.1 அத்தகைய வடிவங்களை விலக்கியது.

ஆப்பிளின் எச்எஃப்எஸ்+ (1998) எதிர்வழியில் சென்றது: பெயரைப் பிரித்த வடிவுக்கு மாற்றியே சேமித்தது. பயனர் தந்ததைக் கோப்புமுறைமை திருத்தலாகாது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகச் சாடினார். என் சாய்வும் அப்பக்கமே. மூலப்பாடத்தைத் திருத்திவிட்டுப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை.

2019இல் லினக்ஸ் 5.2 நடுவழி ஒன்றைக் கண்டது. ஈஎக்ஸ்டி4இல் விரும்பிய கோப்புறைக்கு மட்டும், தந்த பெயரை அப்படியே வைத்து, ஒப்பிடுகையில் மட்டும் நிகர்வடிவங்களை ஒன்றாகக் கருதலாம். பழுதான யுடிஎஃப்-8ஐ மறுக்கவும் செய்யலாம். இவ்வசதியின் நோக்கம் ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிப்பது. அவ்வேறுபாடே இல்லாத தமிழ் அதன் நிழலில் பயன்பெறுகிறது.

ஒரு தடை: வெறுமையான கோப்புறையிலேயே இதைச் செயற்படுத்த இயலும். பழைய தரவகத்தை அங்கே படியெடுக்கும்போது, இரண்டு ‘ஹெப்பகோடி’களும் ஒன்றாகும், உள்ளே ஒரே பெயருள்ள ஒலிப்பதிவுகள் இருப்பின், பின்னது முன்னதை அழித்துவிடக்கூடும்.