படத்துக்குச் சட்டமா, சட்டத்துக்குப் படமா?

பழைய சாமி படங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓவியரோடும் அச்சகத்தோடும் நின்றுவிடுகின்றன. படத்துக்குச் சட்டம் போட்டவரைப் பற்றி அவை அரிதாகவே பேசுகின்றன. ஆனால் ஓர் அச்சுப்படம் எந்த நிலையில் நம் கைக்கு வந்து சேர்கிறது என்பதை முடிவு செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

ராஜா ரவி வர்மாவை எடுத்துக்கொள்வோம். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவுக்காக அவர் வரைந்த 14 புராண ஓவியங்கள் 1890இல் நிறைவுற்றன. அவை அரண்மனைச் சுவருக்கானவை. நான்கே ஆண்டுகளில், 1894இல், பம்பாயில் அவரது அச்சகம் தொடங்கியது. அதன் முதல் படம் 'சகுந்தலையின் பிறப்பு'. ஒரே ஓவியரின் கைவண்ணம் இவ்வாறு இரு வேறு சட்டத் தொழில்களுக்குள் புகுந்தது.

இவற்றின் வேறுபாடு மூலையில் தெரியும். தனித்துச் செய்யும் பட்டறையில் முதலில் ஓவியம் அளக்கப்படும். மரத்தை வெட்டி நான்கு மூலைகளையும் இணைத்த பிறகே அதன்மேல் சுண்ணப்பசை பூசி, பொன்தாள் ஒட்டுவர். அதனால் இணைப்புக் கோடு கண்ணில் படாது. மொத்தமாகச் செய்யும் கடையிலோ, வண்ணமும் மினுக்கும் ஏற்கெனவே பூசப்பட்ட நீண்ட பீடிங்குகள் அடுக்கிக் கிடக்கும். அவற்றை 45 பாகையில் வெட்டி ஆணி அடித்தால் வேலை முடிந்தது. மூலையில் ஒரு மெல்லிய கோடு தங்கிவிடும்.

இந்த வேகத்துக்கு அளவுகள் துணைநின்றன. 20க்கு 28 அங்குலம், 14க்கு 20 அங்குலம், 10க்கு 14 அங்குலம் என்பவை கடைத்தெருவில் நிலைபெற்றன. ஒன்றைப் பாதியாக வெட்டினால் அடுத்தது கிடைக்கும். படம் வருவதற்கு முன்பே சட்டம் தயாராக இருக்க முடிந்தது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவரின் வீட்டுச் சுவருக்கும் தெய்வம் வந்து சேர்ந்ததில் இந்த மலிவுக்குப் பெரும்பங்கு உண்டு. சட்டக்கடை அச்சு வணிகத்தின் கடைசிக் கண்ணி மட்டுமன்று. 1920களில் கராச்சியில் படச்சட்டக் கடை நடத்திய பிரிஜ்பாசி சகோதரர்களே, நாத்துவாரா ஓவியர்களின் படைப்புகளை ஜெர்மனியில் அச்சிட்டு விற்கும் பெரும் வெளியீட்டாளராயினர். மக்கள் எந்தப் படத்தை விரும்பிச் சட்டம் போடுகிறார்கள் என்பதை அவர்களைவிட யார் அறிந்திருக்க முடியும்?

ஆயினும் இம்மலிவுக்கு ஒரு விலையும் உண்டு. அச்சுப்படத்தின் கீழ் விளிம்பில்தான் படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். ரவி வர்மா அச்சகம் பின்னாளில் லோணாவளாவை அடுத்த மளவளிக்கு இடம்பெயர்ந்தது. ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்கவும் பட்டது. ஒரு படம் பம்பாய்க் காலத்ததா, லோணாவளாக் காலத்ததா என்பதை அவ்வரியைக் கொண்டே முதலில் கணிக்கிறோம். படம் ஆயத்தச் சட்டத்தை மீறினால் கடைக்காரர் வெட்டியது அந்த விளிம்பைத்தான். கள ஆய்வில் நான் கண்ட ஒரு லட்சுமி படத்தில் எழுத்துகளின் தலைப்பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. கால் அங்குலம் பெரிய சட்டம் அதன் காலத்தைக் காப்பாற்றியிருக்கும்.

இதனால் தனிப்பட்ட வேலை உயர்ந்தது, மொத்த வேலை தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிட இயலாது. அளவெடுத்துச் செய்தவர்களும் படத்தைப் பலகையில் ஒட்டியதுண்டு; ஜரிகையும் துணியும் மணியும் தைத்து அச்சை மறைத்ததும் உண்டு. ஆனால் அங்கே அழிவே ஒரு சான்றாகிறது: வீட்டார் தம் தெய்வத்தை எப்படிக் காண விரும்பினர் என்பதை அது சொல்கிறது. மொத்தச் சட்டம் ஒரு வீட்டின் விருப்பத்தைச் சொல்வதில்லை. ஒரு சந்தையின் பரப்பைச் சொல்கிறது. இரண்டுக்கும் வெவ்வேறு கேள்விகளைத் தொடுக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று பழைய படங்கள் புதிய செயற்கைச் சட்டங்களுக்கு மாறிவருகின்றன. பழைய மரமும் பின்பலகையும், அதில் ஒட்டிய கடைச்சீட்டும் குப்பைக்குப் போகின்றன. படத்தின் முகத்தை மட்டும் பதிவு செய்யாதீர்கள். மூலையையும் முதுகையும் ஒளிப்படம் எடுங்கள்; சட்டத்தின் உள்ளளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படத்துக்கே புதுச்சட்டம் போட நேர்ந்தால், விளிம்பை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.