நுரைச்செல்கள்

தமனிச் சுவருக்குள் கொலஸ்டிராலை விழுங்கி, அதைச் சிதைக்கவும் முடியாமல் போதிய அளவு வெளியேற்றவும் முடியாமல் உப்பிப்போன செல்களே நுரைச்செல்கள். இவற்றில் பெரும்பாலானவை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள். தமனியின் தசைச் செல்களும் இப்படி மாறுவதுண்டு. நுண்ணோக்கிக்காகத் திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலில் கொழுப்பு கரைந்துபோய், செல்லுக்குள் குமிழ்குமிழாக வெற்றிடங்களே மிஞ்சி நுரைபோலத் தெரியும். தமனித் தடிப்பு நோயின் தொடக்க அடையாளமான மஞ்சள் கீற்றுகள் இச்செல்களின் கூட்டம்தான். இது முதுமையில் தொடங்கும் நோயும் அல்ல. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் வெளியான அறிக்கையில், சராசரி வயது 22 ஆக இருந்தும், நான்கில் மூவருக்கு மேல் இதயத் தமனிகளில் பாதிப்பு தென்பட்டது.

கொலஸ்டிராலை ஊட்டினால் முயலின் தமனியில் இத்தகைய செல்கள் சேர்வதை 1913-இல் ரஷ்யாவின் நிக்கோலாய் அனிச்கோவ் காட்டினார். அவை ஏன் அளவின்றி விழுங்குகின்றன என்பது விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சாதாரணச் செல்கள், இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகளைத் தனி ஏற்பியால் பற்றி உள்ளே இழுக்கும். தேவை தீர்ந்ததும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். பிறவியிலேயே இந்த ஏற்பி இல்லாதவர்களின் தமனிகளிலும் நுரைச்செல்கள் மண்டிக் கிடந்ததுதான் புதிர். அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஜோசப் கோல்ட்ஸ்டைன், மைக்கேல் பிரவுன் குழுவினர் 1979-இல் விடைக்கு வழி கண்டனர். இயல்பான எல்.டி.எல்.லைப் பெருவிழுங்கிகள் அதிகம் தொடவில்லை. வேதிமாற்றம் செய்த எல்.டி.எல்.லை அள்ளி விழுங்கின. இதைப் பற்றும் துப்புரவு ஏற்பிகளுக்குப் 'போதும்' என்று அடங்கும் கட்டுப்பாடு கிடையாது. உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது ஆக்சிஜனேற்றம் என்ற கருத்தை டேனியல் ஸ்டைன்பெர்க் வளர்த்தெடுத்தார். ஆய்வகத்தில் வலுவாக நின்ற கருத்துதான்; ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரை மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2000-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 

விழுங்குவதைவிட வெளியேற்றுவதே பெருவிழுங்கிக்குப் பெரும்பாடு. கொலஸ்டிராலின் வளைய அமைப்பை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. எனவே செல் அதை எஸ்டராக மாற்றித் துளிகளாகச் சேமிக்கும், இல்லையேல் ஏ.பி.சி.ஏ.1 போன்ற புரதங்கள் வழியே, கொலஸ்டிராலைத் திருப்பி எடுத்துச்செல்லும் எச்.டி.எல். துகளிடம் ஒப்படைக்கும். அங்கிருந்து கல்லீரலுக்குப் போய்ப் பித்தநீரோடு குடலில் கழியும். இந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை வர்ஜீனியா மாநிலத்தின் டான்ஜியர் தீவுச் சிறுவன் ஒருவனின் தொண்டை காட்டியது. அவனது டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தன, உள்ளே கொலஸ்டிரால் நிறைந்த பெருவிழுங்கிகள், இரத்தத்தில் எச்.டி.எல். ஏறத்தாழ இல்லை. டொனால்ட் ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1961-இல் இதை விவரித்தனர். ஏ.பி.சி.ஏ.1 மரபணுவின் பழுதே காரணம் என்று 1999-இல்தான் தெரிந்தது. ஆயினும் எச்.டி.எல். அளவை மருந்தால் ஏற்றினாலே போதும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. அப்படி ஏற்றிய டார்செட்ராபிப் மருந்தின் ஆய்வு, இறப்புகள் கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது.

நுரைச்செல் மடிந்தால் அதை அப்புறப்படுத்துவது அண்டையிலுள்ள பெருவிழுங்கிகளின் வேலை. அவையும் திணறும்போது இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்து கூழாகும். அதைப் போர்த்திய நார் உறை மெலிந்து கிழிந்தால் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரும். செல்லுக்குள் உருவாகும் கொலஸ்டிரால் படிகங்கள் அழற்சியைத் தூண்டுவதாக 2010-இல் தெரியவந்தது. அந்த அழற்சியின் முக்கியத் தூதான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி, 10,061 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், எல்.டி.எல்.லைத் தொடாமலேயே மாரடைப்பு உள்ளிட்ட பாதிப்புகளைச் சுமார் 15 விழுக்காடு குறைத்தது. உயிர்பறிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின.

அழற்சியைத் தணிக்க மலிவான மாற்றாகக் கால்ச்சிசின் வந்தது. திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்குச் செடியில் உள்ள நச்சுப்பொருள் இதுவே. செடியைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. நாள்பட்ட இதயத் தமனி நோயாளிகளிடம் தினம் 0.5 மில்லிகிராம் மாத்திரை பலன் தந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு கூறியது. அமெரிக்கா 2023-இல் அனுமதி தந்தது. மாரடைப்பு வந்த உடனே தொடங்கினால் பலனில்லை என்று 2024-இல் மற்றொரு பெரிய ஆய்வு சொன்னது. எல்.டி.எல்.லைக் குறைத்து, நுரைச்செல்லுக்குப் போகும் வரத்தையே மட்டுப்படுத்தும் ஸ்டாட்டின் மாத்திரைகள்தாம் இன்றும் சிகிச்சையின் முதல் வரிசையில் உள்ளன.