குழிக்கு அடங்காத சவப்பெட்டி

சிங்கப்பூர் நாடக வரலாற்றில் ஒரு சவப்பெட்டிக்குத் தனியிடம் உண்டு. சீன நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1984-ஆம் ஆண்டில் எழுதிய ‘குழிக்குப் பெரிதான சவப்பெட்டி’ என்னும் சிறு நாடகத்தையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். ஆங்கிலத்திலும் மாண்டரின் மொழியிலும் அவரே இதனை ஆக்கினார். ஒரே நடிகர் மேடையில் நின்று, தமக்குத் திரும்பத் திரும்ப வரும் கனவு ஒன்றை அவையோருக்குச் சொல்லுகின்றார், அவ்வளவே நாடகம். சவப்பெட்டியை மேடையில் வைப்பதும் வைக்காமல் விடுவதும் இயக்குநரின் விருப்பம். வைக்காவிட்டாலும் குறையில்லை, சொல்லே அதனைச் செதுக்கித் தூக்கி வந்து நம் முன் இறக்கிவிடுகிறது.

கதை எளியது. பாட்டனார் இறந்துவிட்டார். அவருக்குரிய சவப்பெட்டி மிகப் பெரியது, கனமானது, பழைய குடும்பப் பெருமைக்கு ஏற்றது. சுற்றமும் நட்பும் சூழ இடுகாட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். இறக்கும் வேளையில்தான் தெரிகிறது, பெட்டி குழிக்குள் புகவில்லை. பெட்டியின் பக்கங்களைச் செதுக்கலாமே என்கிறார்கள். உடலை வேறு சிறிய பெட்டிக்கு மாற்றலாமே என்கிறார்கள். குழியைப் பெரிதாக்கலாமே என்று பேரன் கேட்கும்போது மட்டும் விதி குறுக்கே வந்து நிற்கிறது. ஒருவருக்கு ஒரு குழி. அதற்கு ஓர் அளவு. பேரன் அலுவலகத்துக்கு ஓடுகின்றான், அதிகாரியோடு வாதிடுகின்றான். இடுகாட்டிலோ பெட்டியும் கூட்டமும் காத்துக் கிடக்கின்றன.

இந்நாடகத்தை வகுப்பில் எடுத்துச் சொன்னால், சவப்பெட்டி மரபைக் குறிக்கிறது, குழி சட்டத்தைக் குறிக்கிறது என்று மாணவர் உடனே எழுதிவிடுவர். தேர்வுக்கு அது போதும். ஆனால் குறியீடு என்பது அகராதியில் பொருள் காண்பது போல் ஒன்றுக்கு ஒன்றாக முடிந்துவிடுவதில்லை. அந்தப் பெட்டியைச் சுமப்போருக்கு அது பெருமையாகவும் இருக்கிறது, சுமையாகவும் இருக்கிறது. முன்னோர் விட்டுச் சென்றதைக் குறைக்கவும் மனம் வரவில்லை. இக்காலத்து மண்ணில் இறக்கி வைக்கவும் வழியில்லை. பேரன் மரபின் காவலனாகப் பேசவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவனாகவே பேசுகின்றான். அதனால்தான் அவையோர் சிரிக்கின்றனர்.

அக்காலச் சிங்கப்பூரை அறிந்தவர்க்கு இக்குழி கற்பனையாகத் தோன்றியிராது. நிலம் குறுகிய நாடு அது. பிடாடாரி இடுகாடு 1972-இலும் புக்கிட் பிரவுன் இடுகாடு 1973-இலும் புதிய அடக்கங்களுக்கு மூடப்பட்டன. பெக் சான் தெங் என்னும் பெரிய சீன இடுகாட்டை அரசு 1979-இல் கையகப்படுத்தியது, கல்லறைகள் தோண்டப்பட்டன, அங்கேதான் பீஷான் புதுநகர் எழுந்தது. உயிரோடிருந்தோர் கம்பத்து வீடுகளை விட்டு, ஒரே அளவினவாக அடுக்கப்பட்ட வீடமைப்புக் கழக வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலமும் அதுவே. முந்திய தலைமுறையின் அளவுகளோ வேறு. புக்கிட் பிரவுனில் 1918-இல் அடக்கமான வணிகர் ஓங் சாம் லியோங்கின் கல்லறை ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்புடையது! அத்தகைய பாட்டனார்களின் பேரர்களுக்கே குவோவின் நாடகம் காட்டப்பட்டது.

இறந்தோரை வைக்கும் கலத்தின் அளவைப் பற்றிய கவலை நமக்கும் புதிதன்று. சோழன் கிள்ளிவளவன் மாண்டபோது ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்றுப் பாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தாழி வனையும் குயவனை விளித்து, இவ்வளவு பெரிய புகழுடையானுக்கு ஏற்ற தாழியை நீ எங்ஙனம் வனைவாய் என்று இரங்குகின்றார் புலவர். அங்கே கலத்துக்கு மிஞ்சியவன் மன்னன். கலம் செய்வோனோ கையறு நிலையில் நிற்கும் எளியவன். குவோவின் நாடகத்தில் மிஞ்சியது மரப்பெட்டி. கலத்தின் அளவை வகுத்திருப்பதோ ஓர் அலுவலகம். குயவன்மேல் புலவர்க்கு இரக்கம் உண்டு. அலுவலகத்தின்மேல் எப்படி இரங்குவது? ஆகவே அது அங்கதமாயிற்று.

அங்கதத்தின் கூர்மை எங்கே இருக்கிறது என்பதை இனி நோக்குவோம். அதிகாரி பிடிவாதமாக மறுத்து, பாட்டனார் புதைக்கப்படாமலே நாடகம் முடிந்திருந்தால் அது வெறும் முறையீடாக நின்றிருக்கும். குவோ அப்படி முடிக்கவில்லை. அதிகாரி ஈற்றில் இசைகின்றார்! பெரிய குழிக்கு அனுமதி கிடைக்கிறது. பாட்டனார் தம் பெட்டியோடே மண்ணுக்குள் இறங்குகின்றார். நாளேடுகள் எழுதுகின்றன, அதிகாரியின் மனிதநேயம் போற்றப்பட்டு அவருக்கு விருதும் வந்து சேர்கிறது. ஆனால் குழியின் அளவு பற்றிய விதி? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருவருக்குக் காட்டிய விலக்கு, மற்றவர் அனைவர்க்கும் உரிய விதியை முன்னினும் உறுதியாக்கிவிடுகிறது. கடிந்து பேசும் ஆட்சியை எள்ளி நகையாடுவது எளிது. கருணை காட்டும் ஆட்சியை எள்ளுவது அரிது. அந்த அரிய செயலை இந்நாடகம் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு செய்துவிட்டது என்பதே என் கருத்து.

இதனை எழுதியவரின் வாழ்க்கையையும் உடன் வைத்துக் காணவேண்டும். 1939-இல் சீனத்தின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்தவர். 1949-இல் சிறுவனாகச் சிங்கப்பூர் வந்தார். சிட்னி நகரில் நாடகக் கல்வி பெற்றுத் திரும்பி, துணைவியார் கோ லே குவானுடன் 1965-இல் கலைப்பள்ளி நிறுவினார். 1976-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு 1980 வரை, நான்கரை ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். 1977-இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. எனவே சவப்பெட்டி நாடகத்தை எழுதியபோது அவர் அந்நாட்டுக் குடிமகனல்லர். அது திரும்பியது 1992-இல். வியப்பு என்னவெனில், அதற்கு முன்பே அந்நாட்டின் உயர்ந்த கலை விருதான பண்பாட்டுப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. விதிக்கும் விலக்குக்கும் இடையே நிற்பது எத்தகையது என்பதை அவர் நூலில் படித்து அறிந்தவரல்லர்.

1988-இல் அவர் அளித்த ‘பூனையைத் தேடும் அம்மா’ என்னும் நாடகத்தில், பிள்ளைகளோடு பேச மொழியற்றுப் போன சீன மூதாட்டி, தம்மைப் போலவே பூனையைத் தேடும் தமிழ் முதியவர் ஒருவரைச் சந்திக்கின்றார். அவர் பேசுவது தமிழ். மூதாட்டி பேசுவது ஹொக்கியன். ஆயினும் இருவரும் புரிந்துகொள்கின்றனர். பல மொழிகள் ஒரே மேடையில் ஒலித்த அந்நாடகம் நம் மாணவர் தனியே கற்கத் தக்கது. இங்கே விரிப்பின் பெருகும்.

சவப்பெட்டி நாடகத்தின் இறுதிக்கு வருவோம். அன்று தொட்டுப் பேரன் எந்த இழவுக்குச் சென்றாலும், பெட்டியின் அளவையும் குழியின் அளவையுமே பார்க்கின்றான். எல்லாம் ஒரே அளவாக இருப்பது நன்றே, சிக்கலில்லை என்று எண்ணத் தோன்றுகிறது அவனுக்கு. உடனே ஓர் ஐயமும் எழுகிறது: எல்லாக் கல்லறையும் ஒன்றுபோல் இருக்குமாயின், தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தன்னுடையது எதுவென்று கண்டுகொள்வார்களா?

குவோ 2002-இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1998-இல், சிங்கப்பூரில் அடக்கக் காலம் 15 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது; அதன்பின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, அவரவர் சமய மரபுக்கேற்ப எரியூட்டப்படும் அல்லது மீண்டும் புதைக்கப்படும். அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடான சுவா சூ காங்கில், 2007 முதல், ஒன்றோடொன்று இணையும் காங்கிரீட் அறைகளாகக் குழிகள் முன்னரே செய்து வைக்கப்படுகின்றன. அவை எல்லாம் அளவெடுத்து வார்க்கப்பட்டவை.