பூட்டிய அறையும் 30,000 பவுண்டும்

திருமணத்தில் ஆண் ஆள்வதும் பெண் பணிவதும் அவரவர் குணத்தால் நடப்பதாகக் கதைகள் சொல்கின்றன. சொத்தும் சட்டமும் அதில் என்ன செய்தன என்பதை வரலாற்றில் தேட வேண்டியிருக்கிறது. காதல் கதையாக உலகெங்கும் படிக்கப்படும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் பார்ப்போம். சார்லட் பிராண்ட்டி 1847இல் வெளியிட்ட 'ஜேன் அயர்' அது.

பெற்றோரை இழந்த ஏழைப் பெண் ஜேன், தார்ன்ஃபீல்ட் மாளிகையில் ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் சேர்கிறாள். மாளிகைக்கு உடைமையாளரான ராச்செஸ்டர் அவளைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். காதல் வந்த பிறகும் அவரை எஜமானர் என்றே அவள் குறிப்பிடுகிறாள். திருமண நாளன்று தேவாலயத்தில் உண்மை வெளிப்படுகிறது. ஜமைக்காவில் அவர் முன்பே மணந்த பெர்த்தா மேசன், அதே மாளிகையின் மூன்றாம் தளத்தில், மனநோயாளி என்று பத்தாண்டுகளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். அவள் கதையைக் கணவர் சொல்லித்தான் கேட்கிறோம். அவள் சொல்ல நாவலில் இடமே இல்லை.

அந்தத் திருமணம் எப்படி நடந்தது? ராச்செஸ்டர் இளைய மகன். பரம்பரை நிலத்தைப் பிரிக்க விரும்பாத தந்தை, அதை மூத்தவனுக்கு எழுதிவிட்டு, இளையவனுக்குப் பணக்காரப் பெண் தேடினார். பெர்த்தாவின் தந்தை மேற்கிந்தியத் தீவுகளில் தோட்ட முதலாளி, வணிகர். சீதனம் 30,000 பவுண்டு. தன் குலப் பெருமைக்காகவே பெண் வீட்டார் தன்னை விரும்பினார்கள் என்று ராச்செஸ்டரே சொல்கிறார். பணத்துக்குக் குலம், குலத்துக்குப் பணம். இந்தப் பேரம் நமக்குப் புதிதல்ல.

மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனுக்குள் அடங்கிவிடும் என்பது அன்றைய ஆங்கிலேயப் பொதுச் சட்டம். பிளாக்ஸ்டன் 1765இல் இக்கோட்பாட்டை விரித்து எழுதினார். மனைவி கொண்டுவரும் பணம் கணவனுக்குச் சேரும். 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே இந்த நிலை மாறியது. மனநோயை மணவிலக்குக்குக் காரணமாக அங்கே 1937இல்தான் ஏற்றார்கள். ஆகவே சட்டம் ராச்செஸ்டரையும் கட்டிப்போட்டது உண்மைதான். ஆனால் அவர் ஐரோப்பாவெங்கும் சுற்றினார், காதலிகளை வைத்துக்கொண்டார். பெர்த்தாவுக்குக் கிடைத்தது ஓர் அறையும் காவலுக்கு ஒரு பெண்ணும்.

இந்த ஏற்பாட்டை ஜேன் ஓரளவு புரிந்துகொள்கிறாள். திருமணத்துக்கு முன் ராச்செஸ்டர் பட்டும் நகையும் வாங்கித்தர முற்படும்போது அவள் கூசிப்போகிறாள்; தனக்கென்று கொஞ்சம் பணம் வேண்டும் என்று நினைத்து மதீராத் தீவிலிருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதத்தால்தான் செய்தி பெர்த்தாவின் சகோதரனை எட்டுகிறது, திருமணமும் நிற்கிறது. பிறகு சித்தப்பாவின் 20,000 பவுண்டு அவளுக்கு வருகிறது. உறவினர் மூவரோடு பகிர்ந்து, தன் பங்காக 5,000 பவுண்டை வைத்துக்கொள்கிறாள். கடைசியில் பெர்த்தா இறந்தபின், பார்வையும் ஒரு கையும் இழந்த ராச்செஸ்டரிடம் சொந்தப் பணத்தோடுதான் திரும்பிப் போகிறாள்.

பெண்ணியத் திறனாய்வு இவற்றை நிறையப் பேசியிருக்கிறது. நாம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்ப்போம். ஜமைக்காத் தோட்ட முதலாளியின் 30,000 பவுண்டு யாருடைய உழைப்பு? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. கொடுமைக்கு ஆளாகும்போது ஜேன் தன்னை அடிமைக்கு ஒப்பிட்டுப் பேசுகிறாள். உண்மையான அடிமை ஒருவர்கூட நாவலுக்குள் வருவதில்லை. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றி இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. அதன்பின் ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். 1845இல் ஜமைக்காவிலும் இந்திய ஒப்பந்தக் கூலிகள் இறங்கினர். தமிழ்நாட்டிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியார் பலர் மொரிசியசுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனது அதே நூற்றாண்டில்தான்.

டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ், பெர்த்தாவுக்குக் குரல் கொடுத்து 1966இல் 'வைட் சர்காஸோ சீ' நாவலை எழுதினார். அதில் மனைவியின் பெயரையே கணவன் மாற்றிவிடுகிறான். அவனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பவள் கிறிஸ்டோஃபின் என்ற கறுப்பினப் பெண். பெர்த்தாவின் தாய்க்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள் அவள். கேட்டு முடித்ததும் அவளைக் கதை அனுப்பிவிடுகிறது. இதை 1985இல் காயத்ரி ஸ்பிவாக் சுட்டிக்காட்டினார். எஜமானியின் துயரத்துக்குக் கிடைத்த பக்கங்கள் பணிப்பெண்ணின் துயரத்துக்குக் கிடைக்கவில்லை.

சாதி அகமணத்தால் நிற்கிறது, அகமணம் பெண்ணைக் கட்டுப்படுத்துவதால் நிற்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் காட்டினார். பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கும் கோரிய இந்துச் சட்ட மசோதா முடங்கியபோது, 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். சாதி ஒழிப்பையும் திருமணத்துக்குள் நடக்கும் ஆதிக்கத்தையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

மாணவத் தோழர்களே, இனி எந்தத் திருமணக் கதையைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். சொத்து யார் பெயரில் இருக்கிறது? அது யார் உழைப்பில் வந்தது? பேச இடம் கிடைக்காதவர் யார்? இவற்றை நாவலோடு நிறுத்திவிட வேண்டாம். நம் தோழர்களின் வீடுகளிலும் நம் அமைப்புகளின் கூட்டங்களிலும் கேட்போம். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் எஜமானராக இருப்பவர் நம்மிடையே இருந்தால், அங்கிருந்தே நம் வேலை தொடங்குகிறது.